கிழிந்த ஓவியத்துணியை இல்லத்தில் பேணும் முறை

வந்தவாசிப் பகுதியில் பொன்னூர் மலைக்கு அணித்தான சிற்றூர் ஒன்றில் எம் உறவினர் இல்லம் உள்ளது. அவ்வில்லத்துப் பூசையறை மரப்பெட்டியில், வெள்ளைத் துணியில் பொதிந்த பழைய ஓவியத்துணி ஒன்று பல தலைமுறைகளாக இருந்து வருகிறது. முன்னோர் ஒருவர் வடநாட்டு யாத்திரை சென்று மீண்டபோது கொணர்ந்தது என்பர். நீள அகலம் ஏறத்தாழ ஒவ்வொரு மீட்டர் உள்ள பருத்தித் துணி. அதன்மேல் தீட்டப்பட்டிருப்பது இரண்டரைத் தீவுகளாகிய மனித உலகம். நடுவே மேருவுடன் கூடிய ஜம்பூத்தீவு, அதனைச் சூழ லவண சமுத்திரம், அதற்கப்பால் தாதகீகண்டம், பின்னர்க் காளோத சமுத்திரம், ஈற்றில் புஷ்கரத் தீவின் உட்பாதி. ஜம்பூத்தீவின் குறுக்களவு 1 லட்சம் யோசனை, இரண்டரைத் தீவும் சேர்ந்து 45 லட்சம் யோசனை என்று நாம் இளமையில் மனனம் செய்த கணக்கு முழுவதும் ஒரு துணிக்குள் அடங்கியிருக்கிறது. கடல்கள் இரண்டிலும் மீன்கள் வட்டமாக நீந்துகின்றன.

அவ்வில்லத்துப் பாட்டியார் ஓய்வு நாட்களில் பெயரக் குழந்தைகளை அமர்த்தி அத்துணியை விரிப்பார். மேருவிற்குக் கிழக்கே, அதாவது படத்தின் வலப்புறத்தில் உள்ள பூர்வ விதேகத்தைச் சுட்டி, சீமந்தர சுவாமி இன்றும் அங்கே அறம் உரைத்துக் கொண்டிருக்கிறார் என்பார். குந்தகுந்தாசாரியர் பொன்னூர் மலையிலிருந்து விதேகம் சென்று அப்பெருமானின் திவ்யத்தொனியைக் கேட்டு மீண்டார் என்னும் நம் மரபுச் செய்தியையும் அத்துணியை வைத்தே கூறுவார். மலை சாளரத்தின் வழியே தெரியும். விதேகம் துணியில் தெரியும்.

அத்துணி கிழிந்து போயிற்று. வீட்டிற்கு வெள்ளையடிக்கும் நாளில் பெட்டியிலிருந்து அவசரமாக எடுத்தபோது, வலப்பக்க விளிம்பு ஆணி ஒன்றில் மாட்டிக்கொண்டது. ஒன்றரைச் சாண் நீளக் கிழிசல், புஷ்கரத் தீவில் தொடங்கி இரு கடல்களையும் கடந்து பூர்வ விதேகத்தில் போய் நின்றது.

மூத்த மகனார் அதனை ஏரியில் விட்டுவிடலாம் என்றார். சிதைந்த திருவுருவை நீரில் விடுவது வழக்கம்தானே என்பது அவர் கூற்று. பாட்டியார் ஒப்பவில்லை. "படம் கிழிந்தால் விதேகம் கிழிந்து விடுமா?" என்று கேட்டாராம். இருவரும் எம்மை அழைத்தனர். அதன் பயனாக யாம் கற்றதும், அதற்கு முன் யாம் செய்த பிழையும் இக்கட்டுரையாயின. இத்தகைய துணி, சுவடியுறை, யந்திரம் எழுதிய துணி, பழைய ஆலயத் தொங்கல் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று நம்மவர் இல்லங்கள் பலவற்றில் பெட்டியடியில் கிடக்கக் காண்கிறோம்.

முதலில் நீரில் விடும் வழக்கத்தைப் பற்றி. பிரதிஷ்டை செய்த திருவுருவிற்கு உரிய விதி வேறு. அதனை ஆலயத்தாரும் அறிஞரும் கூறுவர். பாட்டியாரின் துணியோ பிரதிஷ்டை பெற்றதன்று. அது பாடம் சொல்லப் பயன்பட்ட பொருள்; எனவே நூலின் இனத்தைச் சேர்ந்தது. நூலை நீரில் விட்டு நம் தமிழகம் இழந்தது கொஞ்சமன்று. ஆடிப்பெருக்கில் பழஞ்சுவடிகளை ஆற்றோடு விட்ட செய்திகளை உ. வே. சாமிநாதையர் மனம் நொந்து எழுதியிருக்கிறார். அவர் சீவக சிந்தாமணியை ஆராய்ந்த காலத்தில் கும்பகோணத்துச் சமணர் இல்லங்களில் அந்நூலுக்குப் பாடம் கேட்டார் என்பதும், 1887இல் அது அச்சேறியது என்பதும் நம்மவர் அறிந்தவையே. அவ்வில்லத்தார் தம் ஏடுகளைப் பழையன என்று கருதி ஆற்றில் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

துணியில் எழுதிய படத்தை வழிபாட்டிற்கும் கல்விக்கும் கருவியாகக் கொள்வது ஜைனர்களிடையே தொன்மையான வழக்கம். சத்ருஞ்ஜய மலைக்கு மழைக்காலம் நான்கு மாதமும் யாத்திரை இல்லை. கார்த்திகைப் பௌர்ணமியன்று வழி திறக்கும்போது மலையேற இயலாத சுவேதாம்பர அன்பர்கள், அம்மலையையும் அதன் ஆலயங்களையும் தீட்டிய பெருந்துணியைத் தம் ஊரில் விரித்து அதன் முன் நின்று வணங்குவர். இரண்டரைத் தீவுப் படங்கள் குஜராத்திலும் ராஜஸ்தானத்திலும் பல நூற்றாண்டுகளாக எழுதப்பட்டு வந்துள்ளன. இன்று அவை பல அயல்நாட்டு அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. நம் ஊர்களுக்கும் பழந்துணிக்கு விலை கூறிக்கொண்டு வருவோர் உண்டு. 100 ஆண்டு கடந்த ஓவியம் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின்கீழ் வருவது. தனியார் அதனை அயல்நாட்டிற்கு அனுப்பலாகாது. துணி ஓவியங்களைப் பதிவு செய்து கொள்வதற்கும் அச்சட்டத்தில் முறை உண்டு. இதனை வீட்டு இளைஞர்கள் அறிந்திருத்தல் நன்று.

இனிப் பாடத்திற்கு வருவோம்.

துணியின் இயல்பு

கிழிசலைத் தொடுமுன் அத்துணி எவ்வாறு ஆக்கப்பட்டது என்று அறிய வேண்டும். பழைய ஓவியர் பருத்தித் துணிக்கு மாக்கஞ்சியோ புளியங்கொட்டைப் பசையோ ஊட்டி, சுண்ணவெள்ளை பூசி, காய்ந்தபின் வழுவழுப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றுவர். அதன்மேல் வண்ணம். சாதிலிங்கச் சிவப்பு, அரிதார மஞ்சள், அவுரி நீலம், விளக்குக்கரி, தாமிரத்திலிருந்து எடுத்த பச்சை ஆகியவற்றை வேலம்பிசினில் குழைத்துத் தீட்டுவர். ஆகவே துணி, கஞ்சி, வெள்ளை, வண்ணம் என்னும் நான்கு அடுக்குகள் அதில் உள்ளன. துணியைத் தவிர ஏனைய அடுக்குகளைப் பிடித்திருப்பவை கஞ்சியும் பிசினும் மட்டுமே. இரண்டும் நீரில் இளகுவன.

இதனை அறியாமல் யாம் ஒரு பிழை செய்தோம். தென்கிழக்கே லவண சமுத்திரத்தில் தூசி படிந்திருந்தது. தூய பஞ்சை நீரில் நனைத்து, நன்கு பிழிந்து, மெல்ல ஒற்றினோம். ஒற்றியதுதான்; தேய்க்கவில்லை. பஞ்சை எடுத்தபோது அதில் ஒரு மீன் இருந்தது. துணியில் வெண்மையான இடம்தான் எஞ்சியது. இருநூறு ஆண்டு நீந்தியிருக்கக்கூடிய அம்மீனை ஒரு நொடியில் நாம் கரையேற்றிவிட்டோமே என்று எம்முடன் இருந்த சிறுவன் கூறியது இன்னும் எம் காதில் ஒலிக்கிறது. பாட்டியார் ஒன்றும் சொல்லவில்லை. அதன்பின் பத்து நாட்கள் துணியை யாம் தொடவே இல்லை. சென்னையில் ஓவியப் பாதுகாப்புத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற அன்பர் ஒருவரை நாடிச் சென்று கேட்டறிந்த பின்னரே மீண்டும் அமர்ந்தோம்.

அவர் முதலில் கூறியது இது: இல்லத்தில் செய்யத்தக்க பணி, கிழிசல் மேலும் ஓடாமல் நிறுத்துவது ஒன்றே. புதிதாக்குவதற்கு முயலுதல் கூடாது. நாளை ஒருவர் உங்கள் பணியைத் தீங்கின்றி நீக்கிவிட்டு, இதைவிடச் சிறப்பாகச் செய்ய இயலுமாறு இன்றைய பணி இருக்க வேண்டும்.

தூசியை உலர்ந்த நிலையிலேயே, மென்மையான நைலான் தூரிகையால், துணியைத் தொட்டும் தொடாமலும், நடுவிலிருந்து விளிம்பு நோக்கித் தள்ளலாம். வண்ணம் செதில் செதிலாக எழும்பியிருக்கும் இடத்தில் அதுவும் ஆகாது. அரிதாரத்தில் பாஷாணமும், சாதிலிங்கத்தில் பாதரசமும் உண்டு. ஆதலின் மூக்கிற்குத் துணி கட்டிக்கொள்ள வேண்டும், பணி முடிந்தபின் கைகளை நன்கு கழுவ வேண்டும், அவ்விடத்தில் உண்ணலாகாது, குழந்தைகளை அருகில் விடலாகாது.

எது கூடாது

முன்னொரு காலத்தில் யாரோ ஒருவர் இத்துணியின் பின்புறம் ஓரிடத்தில் ஒளிபுகும் ஒட்டுநாடாவை ஒட்டியிருந்தார். அவர் நல்லெண்ணத்துடன்தான் செய்திருப்பார். நாடாவின் பசை ஆண்டுகள் செல்லச் செல்லப் பழுத்துத் துணிக்குள் இறங்கி, முன்புறத்தில் தேநீர் சிந்தியது போன்ற கறையாக வெளிப்பட்டிருந்தது. அதைப் பிடித்து இழுத்தால் இழைகளும் உடன் வரும். பெட்ரோல், தின்னர் முதலியவற்றை ஊற்றினால் பசை கரைந்து அகலமாகப் பரவும். நாடாவின் மேற்படலம் தானே காய்ந்து கழன்ற பகுதியை மட்டும் எடுத்தோம். எஞ்சியதை அப்படியே விட்டுவிட்டோம்.

தச்சுக்கும் புத்தகத்திற்கும் இக்காலத்தில் பயன்படும் வெள்ளைப் பசை காய்ந்தபின் நீரில் எளிதில் இளகாது. கிழிசலின் இருபுறமும் அட்டை போல் விறைத்து, விறைத்த ஓரத்தில் துணி மறுபடியும் கிழியும். ரப்பர்ப் பசையும் அத்தகையதே. ஒட்டுப்பலகையில் ஒட்டிச் சட்டமிடுவதும், பிளாஸ்டிக் உறைக்குள் வெப்பமூட்டி அடைப்பதும் துணியை உயிரோடு புதைப்பதற்கு ஒப்பாகும். இஸ்திரிப் பெட்டியை அருகிலும் கொண்டு வருதல் கூடாது.

இவை எவரும் கூறக்கூடியவை. நம்மவர்க்கு இதில் வேறொரு சிக்கலும் உண்டு. அந்த அன்பர் பழுது நீக்கும் துறையில் வழங்கும் பசைகளின் பெயர்களை வரிசையாகக் கூறியபோது எமக்கு வியப்பும் வருத்தமும் உண்டாயின. மேலைநாட்டு ஓவியத்துணிகளுக்கு முயல்தோலைக் காய்ச்சிய பசை, எழும்பிய வண்ணத்தை அமர்த்துவதற்கு மீனின் நெட்டியிலிருந்து எடுத்த பசை, ஜெலட்டின். நம் ஊர்த் தச்சர் பயன்படுத்திய வச்சிரமும் தோலையும் எலும்பையும் காய்ச்சியதே. நைந்த துணிக்குப் பின்னணியாக நுண்ணிய பட்டு வலை. பட்டுப்புழுவின் கதியை நாம் அறிவோம். தூரிகையோ அணில்வால் மயிர். மேற்பூச்சுக்கு அரக்கு மெருகு. அரக்கு வாணிகம் சிராவகர்க்கு விலக்கிய தொழில்களுள் ஒன்றாக எண்ணப்படுவது. அன்றியும் அரக்கு மெருகு நாளடைவில் கருத்து, நீக்க முடியாததாகிவிடும். கொல்லாமையை உரைக்கும் படத்தை, கொன்று எடுத்த பொருளால் ஒட்டுவதா?

இங்கே ஒன்றை மறைக்காமல் கூற வேண்டும். இப்படத்தைத் தீட்டிய ஓவியர் அணில்மயிர்த் தூரிகையைத் தொட்டிருக்க மாட்டார் என்று யாம் உறுதி கூற இயலாது. அவரை நீதி விசாரணை செய்வது எம் நோக்கமன்று. இன்று நம் கையால் சேர்ப்பதில் நாம் கவனமாக இருக்கலாம், அவ்வளவே. யாம் அஞ்சியதுபோல் அது அரியதாகவும் இல்லை. கோதுமைப் பசை, பருத்தி, மரநார்த்தாள் ஆகிய மூன்றும் போதுமானவை. மூன்றும் அத்துறையிலேயே நன்மதிப்புப் பெற்றவை. பருத்திக்கும் மரநாருக்கும் மூலமான செல்லுலோசை இரசாயன முறையில் மாற்றி ஆக்கும் மீதைல் செல்லுலோஸ் என்னும் தூளும் உண்டு. அது நீரில் கூழாகும், பூச்சிகளை ஈர்க்காது, ஆயினும் பிடிப்பு சற்றுக் குறைவு. சிலர் அதனையும் கோதுமைப் பசையையும் கலந்து பயன்படுத்துகின்றனர்.

பசை காய்ச்சுதல்

மைதா மாவைக் கரைத்துக் காய்ச்சிய சுவரொட்டிப் பசை இதற்கு உதவாது. மாவில் உள்ள பிசுபிசுப்பான புரதம் பசையை மஞ்சளாக்கும், விறைக்கச் செய்யும். அல்வாவிற்குக் கோதுமைப்பால் எடுப்பதை நம் தாய்மார் அறிவர். அதே முறைதான். மாவைப் பிசைந்து உருண்டையாக்கி, வடிகட்டிய நீரில் அலசி அலசி எடுத்தால் கையில் ரப்பர் போன்ற சக்கை எஞ்சும், அதனை நீக்கிவிடுக. பாலைத் தெளியவைத்து, மேல்நீரை வடித்து, அடியில் தங்கிய வெண்மையை உலர்த்தினால் தூய மாச்சத்து கிடைக்கும். அதில் 1 பங்கிற்கு 5 பங்கு வாலைவடிநீர் சேர்த்து ஒரு மணி நேரம் ஊறவிட வேண்டும். பின்னர்க் கொதிநீரில் வைத்த கிண்ணத்தில் கைவிடாமல் கிளறி ஏறத்தாழ அரைமணி நேரம் காய்ச்ச வேண்டும். பால்நிறம் மாறிக் கண்ணாடி போலாகும். ஆறியபின் மெல்லிய துணியில் இருமுறை பிழிந்து வடித்தால் கட்டியற்ற பசை கிடைக்கும்.

புத்தகம் கட்டுவோர் பசை கெடாமலிருக்க மயில்துத்தம் சேர்ப்பர். பூச்சியைக் கொல்வதற்காகவே சேர்ப்பது அது; செப்பு உப்பாதலின் துணிக்கும் தீங்கு. சேர்க்க வேண்டா. அன்றைய பசை அன்றைக்கே. பழைய பசையில் பூசணம் பிடிக்கும். வைத்த உணவில் உயிர்கள் தோன்றும் என்று காலவரையறை செய்து உண்ணும் நம் இல்லங்களில் இதனைத் தனியே விளக்க வேண்டியதில்லை. மிகச் சிறிதளவே காய்ச்சினால் வீணும் ஆகாது.

பசையை உடனே படத்தில் இடுதல் ஆகாது. யாம் முதலில் பழைய வேட்டித்துண்டு ஒன்றைக் கிழித்து, அதை ஒட்டிப் பழகினோம். மூன்று முறை தவறிற்று. நான்காம் முறை கை படிந்தது.

கிழிசலைச் சேர்த்தல்

துணியைத் தொடுமுன் முன்புறம், பின்புறம், கிழிசலின் அண்மை ஆகியவற்றை நல்ல பகலொளியில் நிழற்படம் எடுத்து வைத்தோம். பின்னர்ப் படத்தைக் குப்புறக் கவிழ்க்க வேண்டும். இரு கைகளால் தூக்கிப் புரட்டினால் கிழிசல் ஓடிவிடும். இரண்டு பெரிய அட்டைகளுக்கிடையில் படத்தை வைத்து, இருவர் எதிரெதிரே நின்று, இரண்டையும் சேர்த்துப் பிடித்துப் புரட்ட வேண்டும். முன்புறம் படும் அட்டையின்மீது வழுவழுப்பான பாலியெஸ்டர்த் தகடு இருத்தல் நலம். வண்ணம் உதிரும் துணியை எக்காரணத்தாலும் கவிழ்க்கலாகாது. எம் துணியில் கிழிசலின் ஓரம் உறுதியாக இருந்தது. மேருவைச் சுற்றிய பச்சைப் பகுதிதான் உதிரும் நிலையில் இருந்தது. தாமிரப் பச்சை தன் அடியிலுள்ள துணியையே நாளடைவில் அரித்துவிடும் என்பதைப் பின்னர் அறிந்தோம். ஆதலின் அப்பகுதி அட்டையின் எல்லைக்கு வெளியே இருக்குமாறு, வலப்பாதியை மட்டும் சிறிதளவு, வளைந்த உருளைமீது மெல்லத் திருப்பினோம். இருவர் பிடிக்க, ஒருவர் பார்க்க, பாட்டியார் நாற்காலியில் அமர்ந்து எம்மைக் கண்காணித்தார்.

கிழிந்த ஓரங்களில் இழைகள் பிரிந்து நின்றன. அவற்றைக் கத்தரிக்கலாகாது. ஒவ்வோர் இழையும் தன் எதிர் இழைக்கு வழிகாட்டி. உருப்பெருக்குக் கண்ணாடியின் கீழ், மழுங்கிய ஊசிமுனையால் இழைகளை ஒவ்வொன்றாகப் படுக்கவைத்து, நெடுக்கிழையை நெடுக்கிழையோடும் குறுக்கிழையைக் குறுக்கிழையோடும் எதிர்நிறுத்தினோம். பழந்துணி கிழிந்தபின் சற்றே இழுபட்டு நீண்டுவிடும். ஓரிடத்தில் பொருத்தினால் அடுத்த இடத்தில் பிசகும். அப்போது படமே எமக்குத் துணையாயிற்று. கடற்கரைகள் வட்டங்களல்லவா? காளோத சமுத்திரத்தின் இரு கரைகள், லவண சமுத்திரத்தின் இரு கரைகள் ஆக நான்கு கோடுகள் கிழிசலைக் கடக்கின்றன. கீழே தகட்டின் அடியில் கண்ணாடியை வைத்துப் பார்த்து, அந்நான்கு கோடுகளும் உடையாமல் செல்லும்படி முதலில் அமைத்துக்கொண்டு, இடைப்பட்ட பகுதியைப் பின்னர் நிரப்பினோம். தீவுகளின் அளவு தலைமுறைதோறும் பிழையின்றி ஒப்பிக்கப்பட்டதன் பயனை ஊசிமுனையில் உணர்ந்தோம் என்றால் மிகையாகாது.

இணைப்பதற்கு ஜப்பானிய மல்பெரித் தாள் சிறந்தது. பட்டுப்புழு உண்ணும் மரத்தின் இனமே ஆயினும் அத்தாளில் பட்டு இல்லை. மரப்பட்டையின் நீண்ட நார்தான். ஓவியப் பொருள் விற்கும் பெருநகரக் கடைகளில் கிடைக்கும். கிடைக்காதவிடத்து, கஞ்சியும் நீலமும் நீங்கப் பலமுறை வெந்நீரில் துவைத்த பழைய மல் துணி போதும். தாளைக் கத்தரியால் வெட்டாமல், ஈரக்கோடு இழுத்துக் கையால் கிழித்தால் ஓரத்தில் நார்கள் மெலிந்து நீட்டி நிற்கும். ஒட்டிய தடம் முன்புறத்தில் தெரியாது. அரை சென்டிமீட்டர் அகலமும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளமும் உள்ள துண்டுகள் பல வேண்டும். கிழிசலின் நெடுகிலும் ஒரே பட்டையை ஒட்டுவது பிழை. ஏணிப்படிகள் போல், கிழிசலுக்குக் குறுக்காக, இடைவெளி விட்டு ஒட்ட வேண்டும். அப்போதுதான் துணி வளைய இயலும்.

பசையைத் துண்டிலேயே தடவி, மையொற்றுத் தாளில் ஒற்றி ஈரத்தைப் பெரும்பாலும் நீக்கிய பின்னரே துணியில் வைக்க வேண்டும். ஈரம் முன்புறம் சென்றால் என்ன ஆகும் என்பதற்கு எம் மீனே சான்று. மூன்று படிகள் ஒட்டியவுடன் மேலே ஒட்டாத் தகடு, அதன்மேல் மையொற்றுத் தாள், அதன்மேல் சிறு கண்ணாடிப் பலகை, அதன்மேல் ஓர் அரைக்கிலோ எடை. கால்மணிக்கொருமுறை மையொற்றை மாற்றி, ஒரு மணி நேரம் கழித்து அடுத்த மூன்று படிகள். ஒன்றரைச் சாண் கிழிசலுக்கு ஒன்பது மாலைப்பொழுதுகள் சென்றன. அவசரப்பட்ட ஒரு மாலையில் ஒட்டிய இரண்டு படிகள் கோணலாயின. அவற்றைச் சிறிது ஈரம் காட்டி எடுத்துவிட்டு மறுபடியும் ஒட்டினோம். வெள்ளைப் பசையாக இருந்திருந்தால் எடுத்திருக்க இயலாது.

தைத்தால் என்ன என்று பலர் கேட்கின்றனர். வண்ணம் உள்ள இடத்தில் ஊசி ஏறினால் ஒவ்வொரு துளையைச் சுற்றியும் வண்ணம் வெடிக்கும். வண்ணமற்ற கரைத்துணி கிழிந்திருந்தால் மட்டும், பின்னால் மல் துணி கொடுத்து, இழைகளுக்கிடையே ஊசி செல்லுமாறு, துணியைவிட வலிமை குறைந்த மெல்லிய பருத்தி நூலால் தளர்வாகத் தைக்கலாம். நூல் வலிமை மிகுந்ததாயின் அடுத்த முறை அறுவது நூலாக இராது, துணியாக இருக்கும்.

பூர்வ விதேகத்தில், கிழிசல் முடியும் இடத்தில், ஒரு கட்டைவிரல் நகமளவு துணியே இல்லை. ஆணியோடு போய்விட்டது. அங்கே பின்புறம் ஒரு மல் துண்டைத் தேநீர் போன்ற பழுப்பு வண்ணத்தில் தோய்த்து, நன்கு அலசி, உலர்த்தி வைத்தோம். எட்ட நின்று காண்பவருக்குப் பள்ளம் தெரியாது. அண்மையில் காண்பவருக்கு அது புதிய துணி என்பது தெரியும். மூத்த மகனாரின் மகள் சித்திரம் எழுதப் பழகியவள். இழந்த இடத்தில் விதேகத்தின் மலையொன்றையும், லவண சமுத்திரத்தில் அந்த மீனையும் தானே எழுதிவிடுவதாகக் கூறினாள். அவள் கை நன்றாகவே இருந்தது; எமக்கும் ஆசை இருந்தது. ஆயினும் இல்லாத இடத்தில் என்ன இருந்தது என்பதை நாம் அறியோம். அறியாததை எழுதி அதனைப் பழம்படம் என்று பின்வருவோர் நம்பும்படி விடுதல் வாய்மையாகுமா என்று பாட்டியார் வினவினார். மீனையோ நாம் அறிவோம். ஆனால் நீர்வண்ணம் பழைய வண்ணத்தோடு கலந்துவிடும், பின்னர்ப் பிரிக்க இயலாது. அப்பெண் வெறுந்தாளில் படம் முழுவதையும் பிரதி எழுதினாள். குழந்தைகளுக்கு இப்போது அப்பிரதியைக் காட்டியே பாடம் நடக்கிறது. மீனும் அதில் இருக்கிறது.

மேருவைச் சுற்றிய பச்சையை யாம் தொடவில்லை. உதிரும் வண்ணம், பரந்த பூசணம், வெள்ளத்தில் நனைந்து ஒட்டிக்கொண்ட மடிப்புகள் ஆகியவை இல்லத்தில் செய்யத்தக்கவை அல்ல. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் இதற்கெனத் தனி ஆய்வுக்கூடம் உண்டு. லக்னோவில் 1976இல் நிறுவப்பெற்ற தேசியப் பண்பாட்டுச் சொத்துப் பாதுகாப்பு ஆய்வகமும், 1984இல் தோன்றிய இன்டாக் அமைப்பின் பாதுகாப்பு நிலையங்களும் இத்துறையில் பணிபுரிவன. கொண்டு செல்லுமுன் நிழற்படத்துடன் எழுதிக் கேட்பது நன்று. அவர்கள் பயன்படுத்தும் பசை எதனால் ஆனது என்று நாம் வினவலாம். மரவழிப் பொருளே வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லலாம். அதில் கூச்சம் வேண்டுவதில்லை.

வைப்பு முறை

மடித்து வைத்ததே இத்துணிக்கு முதல் கேடு. மடிப்புக்கோடு ஒவ்வொன்றும் நாளைய கிழிசல். இப்போது ஒரு சாண் குறுக்களவுள்ள பருத்த உருளையில், வண்ணப்புறம் வெளியே இருக்குமாறு, துவைத்த மல் துணியை இடையில் கொடுத்துத் தளர்வாகச் சுற்றியிருக்கிறோம். வண்ணம் உள்ளே இருந்தால் நசுங்கி வெடிக்கும். பெருகிய வண்ணத்தடிப்பு உள்ள படமாயின் சுற்றாமல் அகன்ற தட்டில் படுக்கவைப்பதே ஏற்றது. செய்தித்தாளில் பொதிதல் ஆகாது. வெயில் படும் சுவரில் மாட்டுதலும் ஆகாது; அருங்காட்சியகங்களில் இத்தகைய துணிக்கு 50 லக்ஸ் அளவிற்கு மேல் ஒளி விழவிடுவதில்லை. அது மாலை மங்கலில் விளக்கேற்றுமுன் பூசையறையில் இருக்கும் வெளிச்சம் போன்றது.

இராமபாணப் பூச்சிக்கு மாச்சத்து உணவு. யாம் ஒட்டிய படிகளே அதற்கு விருந்தாகக் கூடும். அந்துருண்டை வைக்கலாகாது, அதன் ஆவி பூச்சிக்கு நஞ்சு, நமக்கும் நன்றன்று. பூச்சி வந்தபின் கொல்வதைக் காட்டிலும் வாராமல் காப்பதே நமக்குரிய வழி. காற்றின் ஈரம் 65 விழுக்காட்டைக் கடந்தால் பூசணமும் பூச்சியும் பெருகும். எனவே ஐப்பசி, கார்த்திகை மழையில் பெட்டியைச் சுவரோரமும் தரையிலும் வைக்கலாகாது. வசம்பு, நொச்சி, வேம்பு ஆகியவற்றை நிழலில் உலர்த்தி, மல் பையிலிட்டு, துணியில் படாமல் பெட்டியின் மூலையில் வைக்கலாம். ஏட்டுச்சுவடிக்கு நம் முன்னோர் செய்த முறையே இது. ஓராண்டிற்கு ஒருமுறை பையை மாற்ற வேண்டும்.

எந்நாளில் என்றால், சுருத பஞ்சமியே அதற்குரிய நாள். அன்று நூல்களை எடுத்துத் தூசி நீக்கிப் புதிய உறை இடுகிறோம். கோடையின் உலர்ந்த காற்று அப்போது இருக்கும். துணியை எடுத்து விரித்து, படிகள் பிடித்திருக்கின்றனவா, புதிய துளை உண்டா என்று பார்த்து, பூச்சி ஏதும் இருந்தால் மென்தூரிகையால் தாளில் ஏற்றி, நிழலான இடத்தில் விட்டுவிடலாம்.

உருளையின் முனையில் ஒரு துணிச்சீட்டைக் கட்டியிருக்கிறோம். மூத்த மகனாரே தம் கையால் எழுதினார். இரண்டரைத் தீவுப் படம், வலப்புறக் கிழிசல் கோதுமைப் பசையாலும் மல்பெரித் தாளாலும் சேர்க்கப்பட்டது, வேண்டின் சிறிது ஈரம் காட்டி நீக்கலாம், விதேகத்தில் உள்ள பழுப்புத் துணி புதியது, மேருவின் பச்சை உதிர்கிறது, தொடற்க, நீர் படலாகாது, லவண சமுத்திரத்தின் தென்கிழக்கில் இருந்த மீன் எம் கவனக்குறைவால் அழிந்தது.